ஏ9 றோட்டும் குளக்கட்டும்: மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. எனக்கு 27 வயது, உயரம் 5 அடி 4 அங்குலம். வீடு ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளுக்கு, குளக்கட்டோடு போகும் கிறவல் பாதையில். வேலை கிளிநொச்சியில். மாங்குளத்தால் போய்வர நாளுக்கு 100 கிலோமீற்றர் வரும். இப்போது ஓடுவது பழைய 100 சீசீ. வருடத்தில் ஒன்றிரண்டு தரம் நண்பர்களோடு நுவரெலியா, அறுகம்பே என்று தூரப் பயணம் போக ஆசை. அதனால் றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 அல்லது ஹிமாலயன் எடுக்க யோசிக்கிறேன். வீட்டில் 160 சீசீ வகை போதும் என்கிறார்கள். லீசிங்கில்தான் எடுக்க வேண்டும். எது சரி?
ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த 100 கிலோமீற்றரைப் பார்ப்போம். மாதம் 25 நாள் வேலை என்றால் 2,500 கிலோமீற்றர். வருடத்துக்கு 30,000. நுவரெலியாவுக்கும் அறுகம்பேக்கும் போய்வந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறப்போவதில்லை. ஆகவே வேலைக்குப் போய்வரும் பாதைக்குத்தான் வாகனம் எடுக்க வேண்டும்.

பெற்றோலைப் பாருங்கள். நிதானமாக ஓடினால் 160 வகை லீற்றருக்கு 45 தரும், 350 வகை 33 அளவில் நிற்கும். உங்கள் தூரத்துக்கு மாதம் 20 லீற்றர் வித்தியாசம். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய், அதுவும் லீசிங் தவணைக்கு மேலே. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் தந்தார்கள் என்பதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. எஞ்சின் ஒயிலும் 160க்கு ஒரு லீற்றர் அளவில் முடியும், 350க்கு இரண்டு லீற்றருக்குக் கிட்டப் போகும். 5,000 கிலோமீற்றர் சேர்விஸ் உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வரும். செயினுக்கு 500 கிலோமீற்றருக்கு ஒரு தரம் ஒயில் விட வேண்டும், அதாவது ஒவ்வொரு கிழமையும். கிறவல் தூசி படிந்த செயினை அப்படியே விட்டால் செயினும் அது சுற்றும் பற்சில்லான ஸ்பொக்கெற்றும் ஒன்றாகத் தேய்ந்துபோகும்.

இனிப் பாரம். கிளாசிக் 195 கிலோ. பழைய ஹிமாலயன் 411 ஐப் பிடித்தால் 199, புதிய 450 என்றால் 196. 160 வகைகள் 145 கிலோவுக்குக் கிட்ட நிற்கும். தார் றோட்டில் ஓடும்போது இந்த 50 கிலோ தெரியவே தெரியாது, 350 தான் இன்னும் அமைதியாக ஓடும். குளக்கட்டில்தான் தெரியும். கார்த்திகை மழை தொடங்கிய பிறகு உங்கள் பாதையை நினைத்துப் பாருங்கள். உழவு இயந்திரம் போன தடம் இரண்டு பக்கமும் ஆழமாகக் கிடக்கும், நடுவில் மேடு. தடத்தில் இருந்து மேட்டுக்கு ஏறும்போது முன் சில்லு வழுக்கும். வேகம் பத்துக்கும் குறைவுதான், ஆனால் வண்டி ஒரு பக்கம் சரியத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் உங்கள் பாதம் முழுதாக நிலத்தில் ஊன்ற வேண்டும். 145 கிலோவைத் தொடையில் சாய்த்துப் பிடித்துவிடலாம். 195 கிலோ ஒரு அளவுக்கு மேல் சாய்ந்தால் விடத்தான் வேண்டும், பிடிக்கப் போனால் முழங்கால் போய்விடும். முன் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் களி அடைத்து, இறங்கித் தடியால் தோண்ட வேண்டி வந்தால் தனி ஆளாக நின்று தள்ளவும் வேண்டும்.

சீற் உயரமும் இதோடு சேர்ந்தது. கிளாசிக் 805 மில்லிமீற்றர், ஹிமாலயன் 411 800, புதிய 450 825. உங்கள் உயரத்துக்குக் கால் நுனிதான் தொடும். மண் பாதைக்கு நல்லது என்று பலர் சொல்லும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200உம் சுசுக்கி வி-ஸ்ரோம் 250உம் உயரம்தான், 825இல் இருந்து 835 வரை. அந்த இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த வாகனங்கள். உங்களைவிட நான்கு அங்குலம் உயரமான ஒருவர் கேட்டிருந்தால் யோசிக்காமல் எக்ஸ்பல்ஸ் என்று எழுதியிருப்பேன்.

ஷோறூமில் தார் றோட்டில் ஒரு சுற்று ஓடிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தெரிந்த ஒருவரின் 350ஐ அரை மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுப் படலையடிக்குக் கொண்டுபோய், எஞ்சினை நிறுத்திவிட்டு, சீற்றில் இருந்தபடி காலால் பின்னுக்குத் தள்ளித் திருப்புங்கள். அது முடிந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு ஆசைப்பட்டதையே எடுங்கள்.

முடியாவிட்டால் 150, 160 வகைதான். யமஹா எஃப்இசட் 149 சீசீ, 12 குதிரைவலுவுக்குச் சற்று மேல், பாரம் குறைவு, சீற் 790, பராமரிப்புக்கு இலகு. ரிவிஎஸ் அப்பாச்சி 160 4விக்கு 17 குதிரைவலு அளவில் உண்டு. ஏ9இல் பஸ்ஸை முந்தும்போது அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். நாளுக்கு இரண்டு தரம் மாங்குளம் முறிகண்டிப் பக்கம் பஸ்ஸையும் லொறியையும் முந்தப்போகும் உங்களுக்கு அப்பாச்சியைத்தான் சொல்வேன். எடுக்கும் முன் கிளிநொச்சியில் உங்களுக்குப் பழக்கமான கராஜில், அந்த மொடலின் கிளச் பிளேற்றும் பிறேக் பாட்டும் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு சாமானுக்காக வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக நேர்ந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை, புசல்லாவை தாண்டி றம்பொடை ஏற்றத்தில் 160 இரண்டாம் மூன்றாம் கியரில் ஏறும், 350 பிடிப்பவர்கள் முன்னால் போய்த் தேத்தண்ணிக் கடையில் நிற்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அறுகம்பேக்கு ஹொரவப்பொத்தானை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று போனால் ஏற்றமே இல்லை. 160 இல் அந்தப் பாதை சுகமாக இருக்கும்.

மிச்சப்படும் காசில் ஒரு பங்கை வெளிச்சத்துக்கும் ரயருக்கும் போடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் மாலையில் திரும்பும் நேரம்தான் மாங்குளம் ஒட்டுசுட்டான் றோட்டில் யானை இறங்கும் நேரம். ஏ9இல் மாடுகள் தார்ச் சூட்டுக்கு நடு றோட்டில் படுத்திருக்கும். கறுத்த மாடு லைட்டில் தெரியும்போது தூரம் மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஹெட்லைட்டைச் சரியான உயரத்துக்குத் திருப்பி வையுங்கள், இருட்டினால் 50க்கு மேல் போகாதீர்கள். பிறேக் அமத்தும்போது சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ளதையே எடுங்கள். இந்த வகைகளில் அநேகமாக முன் சில்லுக்கு மட்டும்தான் ஏபிஎஸ் இருக்கும், பின் பிறேக்கை அமத்தினால் கிறவலில் சில்லு இறுகி இழுபடும். அதைப் பகலில் ஒரு வெறும் பாதையில் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது, உயரம் 5 அடி 9 அங்குலம். வவுனியா நகரில் வீடு, அலுவலகம் 6 கிலோமீற்றர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மனைவியும் நானும் மாதம் ஒரு தரமாவது திருகோணமலை, தலைமன்னார், பூநகரி என்று போகிறோம். கிளாசிக் 350, மெற்றியோர் 350, பஜாஜ் டொமினார் 400, இவற்றில் எது?
வவுனியா வாசகர்

பதில்: ஒட்டுசுட்டான் தம்பிக்கு வேண்டாம் என்ற 350ஐ உங்களுக்கு மனதாரச் சொல்கிறேன். வீட்டு வாசல் வரை தார், தினசரித் தூரம் குறைவு, உயரமும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரு பையும் ஏறினால் 160 ஏ9இல் மூச்சு வாங்கும். கிளாசிக்கும் மெற்றியோரும் ஒரே 349 சீசீ எஞ்சின். 27 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை 4,000 சுற்றிலேயே வந்துவிடும். கியரை அடிக்கடி மாற்றாமல் 70இல் நாள் முழுக்க ஓடலாம். டொமினாருக்கு 40 குதிரைவலு, நல்ல எஞ்சின், ஆனால் அதன் சுகம் வேகத்தில்தான். மனைவியோடு கடற்கரைக் காற்றில் போகிறவருக்கு அது தேவைப்படாது.

நான் மெற்றியோரைத்தான் சொல்வேன். தாங்கி 15 லீற்றர், கிளாசிக்குக்கு 13. சங்குப்பிட்டிப் பாலத்தால் இறங்கிப் பூநகரியில் இருந்து மன்னார் போகும் ஏ32இல் அந்த இரண்டு லீற்றர் நிம்மதி தரும். மெற்றியோரின் அலோய் சில்லுக்கு ரியூப்லெஸ் ரயர். ஆணி ஏறினால் நீங்களே அடைத்துக்கொண்டு வரலாம். கம்பிச் சில்லுக் கிளாசிக் என்றால் ரியூப், கழற்ற ஆள் தேட வேண்டும்.

முடிவை உங்கள் மனைவியிடம் விடுங்கள். கடையில் பின் சீற்றில் பத்து நிமிடம் அவரை இருத்துங்கள். பின்னுக்குச் சாய இடம், கால் வைக்கும் கட்டை, பிடிக்கக் கம்பி மூன்றையும் அவரே பார்க்கட்டும். சேலையோடு வருபவர் என்றால் சேலைக் காவல் கம்பி பூட்டாமல் கடையை விட்டு எடுக்காதீர்கள்.

கேள்வி: என் லைசன்ஸ் ஏ1. அண்ணாவின் 150ஐ ஓடலாமா?
துணுக்காய் வாசகி

பதில்: ஓடக்கூடாது, தங்கச்சி. ஏ1 100 சீசீ வரைக்கும்தான். அதற்கு மேலே ஏ வகுப்பு வேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதியும் கை விரித்துவிடும். 150 ஓட விருப்பம் என்றால் ஏ வகுப்புக்கே விண்ணப்பியுங்கள், உங்களால் முடியும்.

கேள்வி: புதியது எடுக்க வசதியில்லை. பழைய 150 ஒன்று பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டிகளையே எல்லோரும் ஓடினோம். ஆகவே மீற்றரில் 30,000 என்று காட்டினாலும் அதை நம்பி விலை பேசாதீர்கள்.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன் சில்லை நிலத்தில் இருந்து தூக்கச் சொல்லி, ஹாண்டிலை மெல்ல இடம் வலம் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால், ஹாண்டில் திரும்பும் பெயாரிங்கான கோன் செற் போய்விட்டது. கிறவலில் ஓடிய வண்டியில் முதலில் போவது அதுதான். பின் சில்லைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், எயார் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நெல் மூட்டை ஏற்றிய வண்டியில் கரியர் பூட்டும் இடத்தில் வெல்டிங் அடையாளம் இருக்கும்.

உங்கள் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மீன் பெட்டி கட்டி ஓடிய வண்டி. ஐஸ் உருகி உப்புத்தண்ணி பின் சில்லிலும், அதைத் தாங்கும் சுவிங்-ஆர்மிலும் ஒழுகியிருக்கும். மேலே பெயின்ற் அடித்திருப்பார்கள். கீழே குனிந்து, சுவிங்-ஆர்மின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாகப் பொருக்கு வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கடைசியாக வண்டியின் பதிவுப் புத்தகம். செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் நேரே பார்த்து ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்தால், அதை நீக்கிய பிறகே காசு கொடுங்கள். பெயர் மாற்றாமல் ஓபின் பேப்பரில் கைமாறி வந்த வண்டி என்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவரே நேரில் வந்து கையெழுத்து வைக்கட்டும்.