வறண்ட வாய்க்கு எந்தப் பேஸ்ட்?

கேள்வி: தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தபின் என் கணவருக்கு வாய் காய்ந்தே கிடக்கிறது. பேஸ்ட் பட்டாலே எரிகிறது என்கிறார். எதை வாங்குவது?

பதில்: எரிச்சலைக் கூட்டுபவை பெரும்பாலும் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டும் காரமான புதினாச் சுவையும்தான். இவை இரண்டும் இல்லாத பேஸ்ட்டாக வாங்குங்கள், ஆனால் ஃபுளோரைடு கட்டாயம் இருக்கட்டும். உமிழ்நீர் குறைந்தால் அமிலம் பல்லிலேயே தங்கும். ஈறோரமாகச் சொத்தை வேகமாகப் பரவும். ஃபுளோரைடு அளவு மிக அதிகமான (5000 பி.பி.எம்.) பேஸ்ட் தேவையா எனப் பல் மருத்துவரிடம் கேளுங்கள். பிரஷ் மிக மென்மையானதாக இருக்கட்டும்.

ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம். ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா (பேக்கிங் பவுடர் அல்ல), அரைக்கால் டீஸ்பூன் உப்பு கரைத்து, தினமும் பலமுறை கொப்பளித்துத் துப்பட்டும். பிறகு வெறும் நீரால் ஒருமுறை. படுக்கும்முன் செயற்கை உமிழ்நீர் ஜெல்லை நாக்கிலும் ஈறிலும் மெல்லிதாகத் தடவலாம். எலுமிச்சை மிட்டாய் எச்சில் ஊறவைக்கும், ஆனால் பல்லை அரிக்கும். சைலிட்டால் (பல்லைச் சொத்தையாக்காத இனிப்பு) சேர்த்த சூயிங்கம் மேல்.

வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். பல் பிடுங்க நேர்ந்தால், கதிர்வீச்சு பெற்றதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.