சீட்டைக் கழித்துப் பனிச்சறுக்குக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சுவிஸில் வின்டர்தூரில் வசிக்கிறோம். நான் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் 60 வீத வேலை. பிள்ளைகளுக்கு 12 வயதும் 8 வயதும். வகுப்புப் பிள்ளைகள் பெப்ரவரி விடுமுறையில் பனிச்சறுக்குக்குப் போய்வந்து கதை சொல்வதால் இவர்களும் கேட்கிறார்கள். ஒஸ்ரியாவில் செல் அம் சே என்ற ஏரிக்கரை ஊரில், காலை இரவுச் சாப்பாட்டுடன் ஒரு வாரத்துக்கு ஹோட்டல் 2,900 யூரோ. எல்லாமாக 5,000 பிராங்க்கில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். 20 பேர் சேர்ந்த, மாதம் 500 பிராங்க் சீட்டில் ஏழு மாதம் கட்டியிருக்கிறேன். 1,800 கழிவு கூறினால் இந்த மாதமே எடுக்கலாம். அந்தக் காசு ஊரில் அம்மாவின் வீட்டுக் கூரைக்கென்று வைத்தது. சீட்டை எடுப்பதா, வங்கியில் சிறுகடன் எடுப்பதா? செலவெல்லாம் போக மாதம் 300 பிராங்க் மிஞ்சுகிறது.

பதில்: முதலில் உங்கள் 5,000 கணக்கைப் பார்ப்போம். ஹோட்டல் 2,900. சறுக்கப் போகிறவரை மலைமேல் ஏற்றும் லிப்ட்டுக்கான பாஸ் உச்சப் பருவத்தில் பெரியவருக்கு ஒரு நாளுக்கு 70 யூரோவைத் தாண்டும். ஆறு நாள் பாஸாக எடுத்தாலும் நால்வருக்கு 1,100 யூரோவுக்குக் குறையாது. பிள்ளைகள் இருவருக்கும் பயிற்சி வகுப்பு 600. சறுக்குப் பலகை, சப்பாத்து, தலைக்கவச வாடகை 450. மத்தியானத்தில் மலைமேல் நால்வர் சூப்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டாலே 60 யூரோ கரையும். ஆறு நாளுக்கு 360. பயணம் 250. கூட்டினால் 5,700 யூரோவை ஒட்டி வருகிறது. பனி உடுப்பை நான் இன்னும் சேர்க்கவில்லை.

இதில் எனக்குப் பொறுக்காதது லிப்ட் பாஸ்தான். செல் அம் சே, கப்ரூன், பக்கத்துச் சால்பாக் எல்லாவற்றுக்கும் பொதுவான அந்தப் பாஸில் 408 கிலோமீட்டர் சறுக்குப் பாதை திறந்திருக்கிறது. முதன்முறை பலகை கட்டுகிறவர் அந்த வாரம் முழுவதும் அடிவாரப் பயிற்சிச் சரிவில் விழுந்து எழும்பிக்கொண்டிருப்பார். நீங்களும் மனைவியும் சறுக்கப் போவதில்லை என்றால் உங்கள் இருவருக்கும் பாஸே தேவையில்லை. பிள்ளைகளுக்கும் தொடக்கத்தில் பயிற்சி லிப்ட்டுக்கான டிக்கெட் போதுமா என்று பயிற்சிப் பள்ளியிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பெப்ரவரி ஏன் இவ்வளவு விலை? ஒஸ்ரிய மாநிலங்கள் தம் பள்ளி விடுமுறையை ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு வாரங்களில் விடுகின்றன. ஜெர்மன்காரரும் அந்த மாதத்தில்தான் வருகிறார்கள், நாமும் அப்போதுதான் போகிறோம். அறைக்காரருக்கு விலையைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை.

இனி சீட்டு. 10,000 பெற வேண்டிய இடத்தில் 8,200 பெறுவீர்கள். மற்றவர்கள் கூறும் கழிவில் உங்களுக்கும் பங்கு வரும் என்பது உண்மைதான், ஆனால் இந்த 1,800 இந்த மாதமே கையைவிட்டுப் போகிறது. 5,000 பிராங்க் வங்கிச் சிறுகடனை ஆண்டுக்கு 10 வீத வட்டியில் இரண்டு ஆண்டு கட்டினால் வட்டி சுமார் 540 பிராங்க். ஆக, நம்மவர்கள் வங்கிக் கடனுக்குப் பயந்து ஓடிப்போய் எடுக்கிற சீட்டு, இங்கே வங்கியைவிட மூன்று மடங்கு செலவு! அதற்காகக் கடனை எடுங்கள் என்று சொல்லவில்லை. 5,000 கடனுக்கு மாதத் தவணை 230 பிராங்க். உங்களுக்கு மிஞ்சுவதோ 300. அதன்பின் ஒரு பல்வைத்தியர் பில் வந்தாலே தடுமாறுவீர்கள். தவணை தவறிப் பெத்ரைபுங் (கடன் வசூல் அலுவலகம்) பதிவு விழுந்தால் வீடு மாறும்போதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தத் தாள் முன்னே வந்து நிற்கும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

இரண்டும் வேண்டாம். அதே ஊருக்குப் பெப்ரவரியில் போகாமல் யூலையில் போங்கள்.

கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டர் உயரத்தில், நாலு கிலோமீட்டர் நீளமான ஏரி அது. கோடையில் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் சூடேறும். கரைக்கு நேர் மேலே ஷ்மிட்டன்ஹோஹ மலை. 1927 முதல் அங்கே கேபிள் கார் ஓடுகிறது. கப்ரூன் பக்கம் 3,203 மீட்டர் உயரக் கிட்ஸ்ஸ்டைன்ஹோர்ன். அங்கே பனியாறு இருப்பதால் நடுக் கோடையிலும் மேலே பனி கிடக்கும். காலையில் பனிக்கட்டி எறிந்து விளையாடிவிட்டுப் பின்னேரம் ஏரியில் நீந்தலாம். வகுப்பில் சொல்ல இதைவிடக் கதை வேண்டுமா?

காசு மிச்சமாவது கோடை அட்டையில். அங்கே திட்டத்தில் சேர்ந்திருக்கும் தங்குமிடங்கள் விருந்தினருக்கு ஓர் அட்டை தருகின்றன. கேபிள் கார்கள், ஏரிக் குளிப்பிடங்கள் போன்றவை அதில் அடங்கும். எல்லா வீட்டுக்காரரும் தருவதில்லை. பதிவு செய்யுமுன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 50 யூரோ மலிவு என்று அட்டை இல்லாத வீட்டை எடுத்தால் ஒரே நாள் கேபிள் காரில் அந்த மலிவு பறந்துவிடும். ஊர்ப் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும், அந்த ஊர் இருக்கும் சால்ஸ்பர்க் மாநிலம் 2025 மே முதல் தங்கும் விருந்தினருக்குப் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியிருக்கிறது. ஆகவே கார் தேவையில்லை. காரில் ஒட்டும் நெடுஞ்சாலைக் கட்டண வில்லை, வழியிலுள்ள அர்ல்பெர்க் சுரங்கத்தின் தனிக் கட்டணம் இரண்டும் மிச்சம். சூரிச்சிலிருந்து டிரான்ஸ்அல்பின் ரயில் மாறாமல் அங்கே போகிறது. மலிவுக் கட்டணம் முதலில் பதிபவருக்குத்தான்.

ஹோட்டலை விட்டுவிட்டுச் சமையலறையுள்ள வீடு பாருங்கள். ஏரிமுகப்பை விட ஷூட்டோர்ஃப், கப்ரூன் பக்கம் வாடகை இறங்கும். வீட்டுக்கு 1,200 யூரோ, ரயிலுக்கு 250, கடைச் சாமானுக்கு 350, ஐஸ்கிரீம் முதல் படகுச் சவாரி வரை 300 என்று ஒதுக்கினால் 2,100. இந்த ஒக்டோபரிலிருந்து ஒன்பது மாதம் 300 வீதம் சேர்த்தால் 2,700 பிராங்க். கடன் இல்லை. சீட்டும் அம்மாவின் கூரையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மிஞ்சுகிற காசு பிள்ளைகளின் சறுக்கலுக்கு. பள்ளி ஸ்கிலாகர் (பனிச்சறுக்கு முகாம்) இருக்கிறதா என்று ஆசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள். கட்டாய முகாமுக்குப் பெற்றோரிடம் நாளுக்கு 10 முதல் 16 பிராங்க்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2017 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விடுமுறையில் விருப்பத்தின் பேரில் நடக்கும் முகாமுக்கு இது பொருந்தாது. ஆனாலும் குடும்பமாகப் போகும் செலவுக்கு அது கிட்டவும் வராது. வசதி குறைந்த குடும்பத்துக்குக் கழிவு உண்டா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். பலகையைப் பருவ வாடகைக்கு எடுங்கள். வளரும் பிள்ளைக்குப் புதிது வாங்குவது வீண்.

காப்புறுதியையும் பார்த்துவிடுங்கள். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணிநேரமாவது வேலை செய்வதால் உங்கள் இருவருக்கும் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்பு உண்டு. பிள்ளைகள் மருத்துவக் காப்புறுதியில் மட்டும் இருக்கிறார்கள். வெளிநாட்டு மலையில் ஹெலிகாப்டர் வந்தால் அடிப்படைக் காப்புறுதியை நம்ப முடியாது. மேலதிகக் காப்புறுதியில் வெளிநாட்டு மீட்பு அடங்குகிறதா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

அங்கே கடையில் அட்டை நீட்டும்போது இயந்திரம் பிராங்க்கா யூரோவா என்று கேட்கும். யூரோவையே அழுத்துங்கள். பிராங்க்கை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரரே தனக்கு ஏற்றபடி தீர்மானிப்பார்.