வாசலோடு நின்றுவிடும் இன்சுலின்: வாசகர் கேள்விகள்

இன்சுலின் கலத்துக்குள் போய்த்தான் குளுக்கோசை உள்ளே எடுக்கிறதா? (உயர்தர மாணவி, கிளிநொச்சி)

இல்லை, பிள்ளை. அந்த வேலைக்கு அது உள்ளே போகத் தேவையில்லை. கலமென்சவ்வில் ஊடுருவி நின்று செய்தியை ஏற்கும் வாங்கிப் புரதத்தின் வெளிப்பக்கத்தில் வந்து ஒட்டினாலே போதும். புரதத்தின் வடிவம் மாறும். அதன் உட்பகுதி தன்மேலேயே பொசுபேற்றை ஏற்றிக்கொள்ளும். அங்கிருந்து புரதம் புரதமாகச் செய்தி கைமாறும். கடைசியில், உள்ளே சிறு பைகளில் கிடந்த குளுட்-4 காவிகள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோசை உள்ளே விடும். இரணைமடுக் குளத்தில் துருசு (மதகு) திறக்கிறவர் வயலுக்குள் இறங்குவதில்லையே, அப்படித்தான்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். உடம்பில் இன்சுலின் இருக்கிறதாம். பிறகேன் சீனி கூடுகிறது? (மாங்குளம்)

இரண்டாம் வகைச் சீனி வருத்தத்தில் பெரும்பாலும் இன்சுலின் வந்து ஒட்டுகிறது, உள்ளே கைமாறும் செய்திதான் தளர்ந்துபோகிறது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் சொல்லாமலே குளுட்-4 மேலே வரும். அதனால் மருந்தோடு நடையும் வேண்டும்.

வயலுக்கு மருந்தடித்த தம்பிக்கு வாயில் நுரை, கண்மணி சுருங்கிவிட்டது. அற்றோபின் ஏற்றினார்கள். அது நஞ்சை முறிக்குமா? (விசுவமடு)

முறிக்காது. நீங்கள் சொல்லும் குறிகள் ஓகனோபொசுபேற்று என்ற வகைப் பூச்சிகொல்லி நஞ்சினுடையவை. நரம்பு அசற்றைல்கோலின் என்ற பொருளை விட்டுத்தான் செய்தி சொல்லும்; சொன்னதும் அதை உடைக்க ஒரு நொதியம் உண்டு. நஞ்சு அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. உடைபடாத அசற்றைல்கோலின் வாங்கிகளை விடாமல் தட்ட, எச்சிலும் வியர்வையும் சளியும் பெருகும். அற்றோபின் சுரப்பி, சுவாசக்குழாய், இதயம் ஆகியவற்றின் வாங்கிகளில் இடம்பிடித்து அந்தத் தட்டலை மறிக்கும். நெஞ்சில் சளிச்சத்தம் நின்றதா, கக்கம் காய்ந்ததா என்று தாதி திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது, மருந்து போதுமா என்று அறியத்தான். தசையிலுள்ள வாங்கிகள் வேறு இனம். அற்றோபின் அங்கே எடுபடாது. அதனால்தான் சிலருக்குச் சுவாச இயந்திரமும் தேவைப்படுகிறது.

முதுகில் மாட்டிய மருந்துத் தாங்கி கசிந்தால் தயவுசெய்து அடிப்பதை அப்போதே நிறுத்துங்கள். நனைந்த சட்டையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தோலாலும் அது உள்ளே போகும்.

நாகத்தின் விஷமும் இப்படியா? (அதே வாசகர்)

நேர்மாறு. அதன் நரம்பு நஞ்சு தசையின் வாங்கிகளில் ஏறி உட்கார்ந்துவிடும். அசற்றைல்கோலின் வந்தும் ஒட்ட இடமிருக்காது. முதலில் கண்மடல் சரியும், பிறகு மூச்சுத் தசை சோரும். இறுக்கிக் கட்டவோ வெட்டவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்மடல் எத்தனை மணிக்குச் சரியத் தொடங்கியது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.