போர் முடியட்டும் என்று காத்திருக்கலாமா? முந்திரி ஆலைக்காரர் ஒருவரின் கேள்வி

கேள்வி: பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா ஆரம்பித்த முந்திரி ஆலையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கொட்டையில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டிலிருந்து தூத்துக்குடி வழியாக வருகிறது. பருப்பு துபாய்க்கும், சென்னை, புதுச்சேரி மொத்த வியாபாரிகளுக்கும் போகிறது. எங்கே சண்டை என்றாலும் கப்பல் கட்டணம் ஏறிவிடுகிறது, துபாய்ப் பணம் தள்ளிப்போகிறது. கைக்காசைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. அதுவரை தாக்குப்பிடிக்க என்ன வழி? போர் நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா?

பதில்: அப்பாவின் ஆறு மாதக் கணக்கிலிருந்து முதலில் வெளியே வாருங்கள். அவர் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அடிபட்டு எழுவது பழக்கம். 2004-ல் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல், அது போன கையோடு தென்பெண்ணை வெள்ளம். புயல் என்றால் கரை கடந்த மறுநாளே சேதக் கணக்கு எடுக்க உட்கார்ந்துவிடலாம். கைக்காசைப் போட்டு நிமிர்ந்துவிட்டால் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அதிலிருந்து வருவது. போருக்கு அந்த மறுநாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. 2022 பிப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போர் வருடக்கணக்கில் நீண்டது. செங்கடலில் 2023 நவம்பரில் ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். அதுவும் ஒரு சீசனோடு ஓயவில்லை. ஆகவே, போர் முடியாது என்றே வைத்துக்கொண்டு ஆலையை எந்த அளவில் நடத்த முடியும் என்று யோசியுங்கள். நாளைக்கே முடிந்துவிட்டால் நல்லதுதான், அந்த ஏற்பாட்டால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

எந்தச் சண்டை உங்களை எங்கே தொடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வரும் கொட்டை பெரும்பாலும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் வருகிறது, அதற்குச் செங்கடலும் சூயஸ் கால்வாயும் தேவையில்லை. அப்படியும் செங்கடல் சண்டையில் உங்கள் கட்டணம் ஏறியது. ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும் ஒவ்வொரு நடைக்கும் 10 முதல் 14 நாள் கூடிப்போனது. அதே சரக்கைச் சுமக்க அதிகக் கப்பல், அதிக கன்டெய்னர் வேண்டியிருந்ததால் எல்லாத் தடத்திலும் பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. கொட்டைப் பக்கத்தில் உங்களுக்குள்ள ஆபத்து அவ்வளவுதான்: செலவு ஏறும், சரக்கு தாமதமாகும், ஆனால் வந்துவிடும்.

பருப்புப் பக்கம் அப்படி இல்லை. துபாயின் ஜெபல் அலி துறைமுகம், வளைகுடாவின் குறுகிய வாசலான ஹோர்முஸ் நீரிணைக்கு உள்ளே இருக்கிறது. வளைகுடாவில் சண்டை மூண்டால் கட்டணம் ஏறுவதோடு நிற்காது, அனுப்புவதே நின்றுபோகலாம். செலவு ஏறுவதை விலையில் சமாளிக்கலாம். வியாபாரமே நிற்பதை வேறு வாடிக்கையாளரை வைத்துத்தான் சமாளிக்க முடியும். கோர்ஃபக்கான், ஃபுஜைரா துறைமுகங்கள் நீரிணைக்கு வெளியே இருக்கின்றன. அங்கே இறக்கி லாரியில் கொண்டுபோகச் சம்மதமா, அந்தச் செலவு யாருடையது என்று துபாய்க்காரரிடம் அமைதியான நாளிலேயே பேசி எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் கேட்டிருந்தீர்கள். ஆலைக்கு நீங்கள் எடுத்திருக்கும் வழக்கமான தீ விபத்து பாலிசியில் போர்ச் சேதம் சேராது. லாப இழப்பு பாலிசி என்று ஒன்று உண்டு. கட்டடமோ மெஷினோ பாலிசியில் சொன்ன காரணத்தால் சேதமாகி வேலை நின்றால்தான் அதில் பணம் வரும். கப்பல் சரக்குக்குத் தனி பிரீமியம் கட்டிப் போர்க் காப்பு வாங்கலாம். சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான் அது செல்லும். இறக்காமலே கிடந்தாலும், கடைசித் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து 15 நாளானால் முடிந்துவிடும். இனி அனுப்பப்போகும் சரக்குக்கு, பொதுவாக 7 நாள் நோட்டீஸில் அந்தக் காப்பை கம்பெனி விலக்கிக்கொள்ளலாம். தாமதத்தால் வரும் நஷ்டத்தை வழக்கமான சரக்குக் காப்பு ஏற்காது.

உங்களுக்கு நிஜமாகவே உதவக்கூடியது ஈ.சி.ஜி.சி. ஏற்றுமதிப் பணத்துக்குக் காப்பீடு தரும், 1957-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். வாங்குபவர் பணம் தராமல் போனாலும், அவர் நாட்டில் போரோ இறக்குமதித் தடையோ வந்து பணம் முடங்கினாலும், நஷ்டத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டும். கப்பல் வழிமாறியதால் ஏறிய செலவை வாங்குபவரிடம் வசூலிக்க முடியாமல் போனால் அதற்கும் அதில் இடமுண்டு. தரம் சரியில்லை என்ற தகராறுக்கும் டாலர் ஏற்ற இறக்கத்துக்கும் கிடையாது. துபாய்ப் பணம் ஏற்கெனவே தள்ளிப்போகிறது என்கிறீர்கள். அந்த பாக்கியை மறைத்துவிட்டுப் புதிதாக பாலிசி எடுக்காதீர்கள், கிளெய்ம் வரும்போது அதுவே சிக்கலாகும்.

'போர் வந்துவிட்டது, பழைய விலைக்குத் தர முடியாது' என்று ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1956-ல் சூயஸ் மூடியபோது, சூடானிலிருந்து ஜெர்மனிக்கு நிலக்கடலை அனுப்ப ஒப்புக்கொண்ட ஒரு வியாபாரி அப்படித்தான் சொன்னார். ஆப்பிரிக்காவைச் சுற்றி அனுப்பியிருக்கலாமே, செலவு கூடும் என்பதற்காக ஒப்பந்தம் செத்துவிடாது என்று 1961-ல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. விலை ஏறியது மட்டும் காரணமாகாது என்று நம் உச்ச நீதிமன்றமும் 2017-ல் ஒரு மின்சார வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே ஏறும் கட்டணம் யார் தலையில் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் உங்கள் செலவில் சேரும் சி.ஐ.எஃப். விலையில் விற்கிறீர்கள் என்றால், சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு உங்கள் செலவு முடியும் எஃப்.ஓ.பி.க்கு மாறப் பாருங்கள். கப்பல் வாடகை அவர் பொறுப்பாகிவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டால், போர்க் கூடுதல் கட்டணம் வாங்குபவருடையது என்று ஒரு வரியாவது சேருங்கள்.

இனி பணம். நீண்ட நெருக்கடியில் ஆலைகள் மூடுவது பெரும்பாலும் நஷ்டத்தால் அல்ல, கையில் காசு இல்லாமல் போவதால். ஒரு ரூபாய்கூட உள்ளே வராவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டிய செலவை எழுதுங்கள்: கூலி, கரண்ட், வட்டி, பி.எஃப். கையிருப்பை வைத்து எத்தனை நாள் ஓடும் என்று பாருங்கள். 30 நாளுக்குக் குறைவாக வந்தால் மற்ற யோசனைகளையெல்லாம் நிறுத்திவிட்டு அதை 90 நாளாக்குவதுதான் வேலை.

சீசனில் கொட்டையை வாங்கிக் குவித்துவிட்டால் பாதுகாப்பு என்று இந்தத் தொழிலில் பலரும் நம்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கொட்டை வங்கியின் சி.சி. கடனில் (ஸ்டாக்கைக் காட்டி எடுக்கும் நடப்புக் கடன்) வாங்கியது, தினமும் வட்டி ஏறுகிறது. ஈரம் பட்டால் பருப்பின் நிறம் போகும், எடை குறையும். அதைவிடப் பெரிய ஆபத்து, பருப்பு விலை சரிந்தால் உங்கள் ஸ்டாக்கின் மதிப்பும் சரியும். வங்கி அந்த மதிப்பை வைத்துத்தான் டிராயிங் பவரை, அதாவது நீங்கள் எடுக்கக்கூடிய தொகையின் உச்சத்தை, போடுகிறது. பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில் எடுக்கக்கூடிய தொகை சுருங்கிவிடும். ஆர்டர் கையில் இருக்கும் அளவுக்கும் அதற்குமேல் ஒரு மாதத்துக்கும் மட்டும் வாங்குங்கள், மீதியை இரண்டு மூன்று தவணையாக வாங்கலாம். விலை கொஞ்சம் ஏறிப்போனாலும் பரவாயில்லை. நம்மூர்க் கொட்டை அளவில் குறைவுதான், இருந்தாலும் சுற்று வட்டார விவசாயிகளிடம் ஒரு பங்கை நிரந்தரமாக வாங்கி வாருங்கள். அதற்குக் கப்பலும் வேண்டாம், டாலரும் வேண்டாம்.

உள்ளூர் பாக்கியையும் விடாதீர்கள். குறு அல்லது சிறு தொழிலாக உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) இருந்தால், 2006-ன் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கியவர் புதுச்சேரியில் இருந்தாலும் விற்பவரான உங்கள் மாநிலத்துக் குழுவிலேயே முறையிடலாம். பழகிய வியாபாரியிடம் சட்டம் பேச மனசு வராதுதான். ரசீதிலேயே அந்த 45 நாள் வரியை அச்சடித்துவிடுங்கள், பேச வேண்டிய அவசியமே பல இடங்களில் வராது.

வங்கிக்குத் தவணை தவறுவதற்கு முன்னால் போங்கள். 90 நாள் தாண்டி பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும், அதற்குப்பின் மேனேஜர் நினைத்தாலும் செய்யக்கூடியது குறைவு. முதல் 30 நாளுக்குள் போனால் தவணையை மாற்றியமைக்க வழி இருக்கிறது. மீட்டர் வட்டிக்கு மட்டும் போகவே போகாதீர்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

ஆட்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பருப்பு உடையாமல் தோல் உரிப்பதும், பார்த்த உடனே ரகம் பிரிப்பதும் வருடக்கணக்கில் வந்த கைப்பழக்கம். வேலை குறைந்தால் பாதிப் பேரை நிறுத்தாதீர்கள், எல்லோருக்கும் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் என்று முறை வைத்துக் கொடுங்கள். நிலைமையை மறைக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் வேலை உண்டா என்று தெரியாத பெண்கள் வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள், அதைத் தப்பென்று சொல்லவும் முடியாது.

உக்ரைனில் 2022 கடைசியில் மின்நிலையங்கள் தாக்கப்பட்டு ஊரே இருண்டபோது, ஒன்றோடொன்று போட்டி போடும் வங்கிகள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தன. ஜெனரேட்டரும் மாற்றுத் தகவல் இணைப்பும் உள்ள கிளைகளைப் பொதுவாக அடையாளம் காட்டி, மின்சாரம் இல்லாத நேரத்திலும் மக்களுக்குப் பணம் கிடைக்க வைத்தன. பண்ருட்டியில் பக்கத்துப் பக்கத்து ஆலைகள் ஒரு கன்டெய்னரைப் பங்கு போடுவதற்கும், ஒருவர் டிரையர் பழுதானால் இன்னொருவருடையதில் காய வைப்பதற்கும் என்ன தடை? விலையில் போட்டி இருக்கட்டும், அதற்காக இதையெல்லாம் தனித்தனியாகச் சுமக்க வேண்டாம்.

கடைசியாக, உங்களைப் பற்றி. குடும்ப ஆலைகளில் வங்கிக் கையெழுத்து, துபாய்க்காரரின் வாட்ஸ்ஆப், ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கும். வருடக்கணக்கான நெருக்கடியில் அந்த ஒரு ஆள் படுத்துவிட்டால் ஆலையும் படுத்துவிடும். இரண்டாவது ஆளை இப்போதே பழக்குங்கள். பிறகு அப்பாவோடு உட்கார்ந்து ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: கையிருப்பு எத்தனை நாளுக்குக் கீழே போனால் ஷிப்டைக் குறைப்பது, துபாய் பாக்கி எந்தத் தொகையைத் தாண்டினால் அடுத்த லோடை நிறுத்துவது, எந்த நிலையில் ஏற்றுமதியை ஒதுக்கிவைத்து உள்நாட்டு இனிப்புக் கடைகளுக்கு மாறுவது. இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஈ.சி.ஜி.சி. விண்ணப்பத்தை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். துபாய்க்கு அடுத்த லோடு ஏற்றும் முன் துபாய்க்காரர் பெயருக்கு எவ்வளவு காப்பு வரம்பு தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஏற்றுங்கள்.