யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள முந்தி ஒரு சேர்ச் இருந்ததாமே, அதுக்கு என்ன நடந்தது?

ஓம், இருந்தது, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டினது. இப்ப உள்ள போனீங்கள் எண்டால் கல்லுக்குவியல்தான் கிடக்கு.

கதை ஒல்லாந்தருக்கு முந்தியே தொடங்குது. போர்த்துக்கீசர் அந்தப் பக்கத்தில புதுமை மாதாவுக்கு ஒரு கத்தோலிக்கக் கோயில் வச்சிருந்தவை, கோட்டைக்கே அந்த மாதான்ர பேரைத்தான் வச்சவை. 1658ல ஒல்லாந்தர் கோட்டையைப் பிடிச்ச உடன கத்தோலிக்கம் அவையளுக்கு ஆகாது, ஆனா கட்டிடம் ஆகும், அதால அதுக்குள்ளயே தங்கட புரட்டஸ்தாந்து ஆராதனையை நடத்திப்போட்டு பிறகு 1706ல சிலுவை வடிவத்தில சொந்தமாப் புதுசா ஒண்டு கட்டினவை. நிலத்தில பதிச்சிருந்ததெல்லாம் அவையின்ர பெரியாக்களின்ர கல்லறைக் கல்லுகள், ஆக்கள் கும்பிடுற இடமே சவக்காலையும்தான்.

1795ல பிரிட்டிஷ்காரன் வந்தாப்பிறகு ஒல்லாந்தச் சனம் குறைய, அதின்ர மவுசும் போட்டுது.

பிறகு கோட்டை ஆமிக் காம்ப். 1990ல புலிகள் மாசக்கணக்கா முற்றுகை போட்டு, செப்டம்பரில ஆமி விட்டுட்டுப் போனது. அந்தச் சண்டையளுக்குள்ளதான் சேர்ச்சும் முடிஞ்சுது. யுத்தத்துக்குப் பிறகு நெதர்லாந்துக் காசிலயும் கோட்டை மதிலைத் திருத்தினவை, சேர்ச் மட்டும் எழும்பேல்ல.