கோப்பு நகர்கிறது, மனம் கனக்கிறது: பல்கலைக்கழக ஊழியர்களுக்கான கேள்வி பதில்

சென்னையிலுள்ள பல்கலைக்கழக ஊழியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பணி உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

தேர்வுப் பிரிவு உதவியாளர், பெரம்பூர்: எங்கள் பிரிவில் ஒரு கோப்பும் தேங்குவதில்லை. ஆனாலும் காலையில் ரயில் ஏறும்போதே மனம் கனக்கிறது. வேலை நன்றாக நடந்தால் மனமும் நலமாக இருப்பதாகத்தானே பொருள்?

இல்லை. உளநலத்தைத் தன்னை ஏற்றல், நல்லுறவு, தன்னாட்சி, சூழலைக் கையாளுதல், வாழ்வின் நோக்கம், வளர்ச்சி என ஆறு கூறுகளாக உளவியலாளர் கரோல் ரிஃப் 1989இல் வகுத்தார். பணி ஈடுபாடு வேறு. துடிப்பு, அர்ப்பணிப்பு, ஆழ்ந்திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது என்று ஷாஃபெலி குழுவினர் 2002இல் வரையறுத்தார்கள். செயல்திறனோ வெளியே தெரிவது. மெமோவுக்கு அஞ்சியும் கோப்பு நகரும். சுமை மிகுந்தால் சோர்வு வரும், வளம் குறைந்தால் மனம் வேலையிலிருந்து விலகும் என்பது 2001இல் டெமரூட்டியும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த மாதிரி. தேர்வு முடிவு வெளியானதும் உங்கள் கவுன்ட்டர் முன் நீளும் வரிசை சுமை. மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழையை நீங்களே திருத்திக் கையெழுத்திட அதிகாரம் இருந்தால் அது வளம். அந்த அதிகாரம் மூன்று மேசை தள்ளி இருக்குமானால், மாணவரின் கோபம் மட்டுமே உங்களிடம் தங்கும்.

முனைவர் பட்ட ஆய்வாளர், கிண்டி: 200 ஊழியர்களிடம் ஈடுபாடு, செயல்திறன் பற்றிய கேள்விப் படிவம் வாங்கினேன். ஈடுபாடு செயல்திறனை உயர்த்துகிறது என்று எழுதலாமா?

கூடாது. ஒரே ஆள், ஒரே நாளில், இரண்டையும் தன் வாயாலேயே சொன்ன படிவம் அது. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று மட்டும் எழுதுங்கள். நல்ல பெயர் கிடைத்ததால்கூட ஈடுபாடு கூடியிருக்கலாம்.

நிர்வாக அலுவலர், அடையாறு: வாரம் ஒரு யோகா வகுப்பு வைத்தால் போதுமா?

மூச்சுப் பயிற்சி நல்லதுதான். காலிப் பணியிடத்தை அது நிரப்பாது.

கௌரவ விரிவுரையாளர், தாம்பரம்: அதிகாரம், வளம் என்கிறீர்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்றே தெரியாதவருக்கு இதெல்லாம் எதற்கு?

இணைப் பேராசிரியர், மயிலாப்பூர் (மேற்கண்டதற்கு மறுப்பு): நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் மட்டும் நிம்மதியாகவா இருக்கிறோம்? வகுப்பைவிடப் படிவங்களுக்கே பொழுது போகிறது.

இருவரும் ஒரே சுமையைச் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கு 14. பதவி உயர்வுக்கான கோப்பைத் தொகுக்கும் இரவுகள் இக்கணக்கில் வாரா. பேராசிரியரின் அலுப்பு மெய்யானது. ஆனால் பணி உறுதி என்பதே ஒரு வளம், அது விரிவுரையாளரிடம் இல்லை. தொகுப்பூதியத்தில் இருப்பவரிடம் ஈடுபாட்டுப் படிவத்தை நீட்டினால், ஒப்பந்தம் நீடிக்க வேண்டுமே என்ற கவலையில் அவர் எல்லாவற்றுக்கும் ‘எப்போதும்’ என்றே குறிப்பார். அத்தகைய படிவத்தை வைத்துத் துறைக்குப் பாராட்டு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவ்விவாதத்தில் எனக்கு விரிவுரையாளர் பக்கமே நியாயம் தெரிகிறது.

வேறொரு ஆய்வாளர்: 350 பேரிடம் வாங்கினால் காரணம் என்று எழுதலாமா?

3,500 பேரிடம் வாங்கினாலும் கூடாது. கிண்டிக்காரருக்கான பதிலைப் படியுங்கள்.

பதிவாளர் அலுவலகம்: தியான வகுப்பு?

யோகாவுக்குச் சொன்னதே.

நூலக ஊழியர்: இரு மாதமாகத் தூக்கமில்லை, அழுகை வருகிறது. பணிச் சோர்வுதானா?

இதைப் படிவத்தாலோ என் பதிலாலோ தீர்மானிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் பணிச் சோர்வு ஒரு நோயன்று. உங்களுக்கு இருப்பது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஓய்வு பெற்ற எழுத்தர்: என் ஓய்வூதிய நிலுவை எப்போது வரும்?

நிதிப் பிரிவில் கேளுங்கள்.