ஸ்டீல் மில் லேஅவுட்டுக்கு ஷண்டிங் இன்ஜினை மாத்துறது எப்படி?

கேள்வி: எச்ஓ ஸ்கேல்ல (1:87) சின்னதா ஒரு அமெரிக்க ஸ்டீல் மில் லேஅவுட் போட்டிருக்கேன் சார். ஈஎம்டிங்கிற அமெரிக்க கம்பெனியோட ஷண்டிங் இன்ஜின் (யார்டுக்குள்ள வேகனை இழுத்துத் தள்ளுறது) மாடல் ரெண்டு இருக்கு. ரெண்டும் டப்பாவுல இருந்து எடுத்த பளபளப்பு மாறாம இருக்கு, பாயிண்ட் (தண்டவாளம் பிரியுற இடம்) மேல மெதுவா போனா நின்னுடுது. முதல்ல பெயிண்ட் அடிக்கவா, டீகோடர் (இன்ஜினுக்குள்ள மோட்டாரையும் விளக்கையும் கட்டுப்படுத்துற குட்டி சர்க்யூட்) போடவா?

பதில்: ரெண்டுக்கும் முன்னாடி, மில்லுக்குள்ள எந்த இன்ஜினுக்கு என்ன வேலைன்னு முடிவு பண்ணுங்க. ஒண்ணு பிளாஸ்ட் ஃபர்னஸ்ல இருந்து உருகின இரும்பை டார்பிடோ வேகன்ல (அதை சுமக்குறதுக்கான நீள உருளை வேகன்) இழுக்குது, இன்னொண்ணு ஸ்கிராப் வேகனை தள்ளுதுன்னு வெச்சுக்கோங்க, ரெண்டு மேலயும் படியுற அழுக்கே வேற, அதனால ஒரே மாதிரி பெயிண்ட் அடிச்சு ஒரே மாதிரி துரு பூசினா பாக்குறவங்களுக்கு ஏதோ இடிக்கும். அப்புறம் ஓட்டம், பெயிண்ட் கடைசிதான்.

நின்னுடுதுன்னு சொன்னீங்கள்ல, அது பெரும்பாலும் கரண்ட் எடுக்குறதுல உள்ள கோளாறு. இந்த இன்ஜின் குட்டை, பாயிண்ட்ல தண்டவாளம் ஒண்ணையொண்ணு வெட்டுற இடம் பிளாஸ்டிக்கா இருந்தா ரெண்டு சக்கரம் அதுல ஏறின உடனே மிச்ச சக்கரம்தான் கரண்ட் எடுக்கணும், அதுல ஒண்ணுல அழுக்கு இருந்தாலும் போச்சு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு எட்டு சக்கரத்தையும் துடைங்க, எட்டுமே கரண்ட் எடுக்குதான்னு மீட்டர் வெச்சு பாருங்க. அப்புறம் டீகோடரோட ஒரு கீப்-அலைவ் கெப்பாசிட்டர் (கரண்ட் ஒரு நொடி விட்டாலும் ஓட வைக்கிறது) சேருங்க. ஹூட் (கேபினுக்கு முன்னாடி இன்ஜினை மூடுற நீளப் பெட்டி) ரொம்ப குறுகல், அதனால கெப்பாசிட்டரை கேபினுக்குள்ள ஜன்னலுக்குக் கீழ படுக்க வைங்க. மிச்ச இடத்துல எடைக்கு ஈயத் துண்டு வைக்கலாம், ஆனா ரெண்டு போகிக்கும் (கீழ இருக்குற சக்கரத் தொகுதி) சமமா பாரம் விழணும், ஈயம் டீகோடர்ல படாம கேப்டான் டேப் (கரண்ட் கடத்தாத டேப்) சுத்தணும்.

வேகம்தான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். நிஜத்துல உருகின இரும்போட போற இன்ஜின் கிட்டத்தட்ட நடை வேகத்துலதான் ஊரும். மணிக்கு 8 கிலோமீட்டர்னு எடுத்தா, எச்ஓ ஸ்கேல்ல ஒரு மீட்டர் தூரம் போக ஏறக்குறைய 39 செகண்ட் ஆகணும். ஸ்டாப் வாட்ச் பிடிச்சு பாருங்க, அது எவ்வளவு மெதுவுன்னு நீங்களே ஆச்சரியப்படுவீங்க. டீகோடர்ல சிவின்னு நம்பர் போட்ட செட்டிங் இருக்கும், அதுல சிவி 2-ல ஆரம்ப வோல்டேஜை சரி பண்ணிட்டு சிவி 5-ல உச்ச வேகத்தை இறக்குங்க, சிவி 3, 4-ஐ கொஞ்சம் ஏத்தினா கனமான வண்டி மாதிரி நிதானமா கிளம்பும், நிதானமா நிக்கும்.

மாடல் தேர்வுக்கு ஒரு விஷயம். ஈஎம்டி கொண்டு வந்த எஸ்டபிள்யூ1000 ஃபேக்டரிக்காரங்களுக்கு சரிப்படல, நடைபாதையும் கேபின் கூரை ஓரமும் பழைய இன்ஜின்களை விட உயரம், மில் ஷெட்டெல்லாம் பழைய அளவுக்குக் கட்டினது. அதனாலதான் 1968-ல அதெல்லாம் தாழ்வா வெச்சு எஸ்டபிள்யூ1001 வந்துச்சு. உங்க ஷெட் வாசல்லயும் இதே பிரச்சினை வரலாம், அட்டையில இன்ஜினோட குறுக்கு வடிவத்தை வெட்டி ஒவ்வொரு வாசல்லயும் நுழைச்சு பாத்துடுங்க.

கேபின் மேல மஞ்சள் சுழல் விளக்கு, ஒரு ஆன்டெனா, ஒரு ஏசி பெட்டி வைங்க. அமெரிக்க மில்கள்ல மெயின் லைன் ரயில்வேக்கு முன்னாடியே இடுப்புல ரிமோட் கட்டிக்கிட்டு கீழ நின்னு ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க, அதனால இதெல்லாம் பொருத்தமா இருக்கும். விளக்குக்கு குட்டி எல்ஈடியும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போதும், மின்ன வைக்கிறதை டீகோடரே பாத்துக்கும். மஞ்சள் பெயிண்ட்டுக்குக் கீழ வெள்ளை பிரைமர் அடிங்க, கறுப்பு மேல நேரா அடிச்சா மஞ்சள் செத்துப் போயிடும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். உருகின இரும்பு ஆறும்போது அதுல கரைஞ்சிருந்த கார்பன் கிராஃபைட் செதிலா பிரிஞ்சு காத்துல பறக்கும், அதுக்கு கிஷ்னு பேரு. ஃபர்னஸ் பக்கம் வேலை பாக்குற இன்ஜின் மேல இது பழுப்புத் தூசிக்கு நடுவுல மினுமினுன்னு படிஞ்சு கிடக்கும். அதைக் கொண்டு வர 6பி பென்சில் முனையை உப்புத்தாள்ல தேய்ங்க. முதல்ல பழுப்பு, செம்மண் நிற பவுடரை ஹூட் மேலயும் படிக்கட்டு மூலையிலயும் தட்டி, மேட் வார்னிஷ் அடிங்க, அது லேசா ஒட்டும் பதத்துல இருக்கும்போதே பென்சில் தூளை நடைபாதை மேல மட்டும் தூரிகையால தூவுங்க. அதுக்கு மேல திரும்ப வார்னிஷ் அடிக்காதீங்க, மினுக்கு போயிடும். முக்கியமா, பாடியை சேசிஸ்ல இருந்து கழட்டி வெச்சுட்டு இதை செய்ங்க, கிராஃபைட் கரண்ட் கடத்தும், டீகோடர் மேல விழுந்தா ஷார்ட் ஆகும். ஸ்கிராப் தள்ளுற இன்ஜினுக்கு இது வேண்டாம், அதுக்கு துருவும் பெயிண்ட் உரிஞ்ச கீறலும் போதும்.

டார்பிடோ வேகன் ரெண்டு மூணு சேர்ந்தா இழுக்க முடியாம சக்கரம் வழுக்குதுன்னா ஒரு ஸ்லக் பண்ணிடுங்க. நிஜத்துல அதுல டீசல் இன்ஜினே கிடையாது, மோட்டார் மட்டும் இருக்கும், பக்கத்து இன்ஜின்ல இருந்து கரண்ட் வாங்கி ஓடும். நீங்க ஒரு பழைய ஷண்டரோட கேபினை எடுத்துட்டு ஹூட்டை பாதி உயரத்துக்கு அறுத்து தகடு மூடினா ஆச்சு, உள்ள மோட்டார் இருக்கட்டும். ரெண்டையும் டிசிசி-ல (டீகோடர் வழியா ஓட்டுற டிஜிட்டல் முறை) கன்சிஸ்ட் போடுறதுக்கு, அதாவது ஒரே இன்ஜின் மாதிரி சேர்த்து ஓட்டுறதுக்கு முன்னாடி தனித்தனியா அதே ஒரு மீட்டர் ஓட்டிப் பாத்து நேரம் ஒத்துப்போற வரைக்கும் சிவியை மாத்துங்க, இல்லன்னா ஒண்ணு இன்னொண்ணை இழுத்துக்கிட்டே இருக்கும்.